பஸ் மாத்திரை

எங்கள் சங்கத்தின் மருத்துவ முகாமை நிறுத்தியவன் நான்தான். அதை நினைத்து இன்றைக்கும் ஏங்குகிறவனும் நான்தான். இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் செய்ய முடியும் என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். செய்கிறேனே, என்ன பண்ணச் சொல்கிறாய் என்று எரிந்து விழுவதைத் தவிர எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் காளப்பநாயக்கன்பட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சங்கம் என்று நான் சொல்வது சேவைச் சங்கத்தை. சட்டையில் சங்க பேட்ஜைக் குத்திக்கொண்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடிப்போம். நடுவில் ஒரு பேச்சாளரை உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்துவோம். பேச்சாளரைப் பற்றிய அறிமுகம் அவர் பேச்சைவிட நீளமாக இருக்கும். கோழிப்பண்ணைக்காரர், லாரிக்கு பாடி கட்டுகிறவர், மர வியாபாரி என்று முப்பது பேர் இருந்தோம். சேவை கொஞ்சம், சிரிப்பு நிறைய. அப்படித்தான் ஓடியது சங்கம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு இளகிவிடுகிறது.

வருஷத்துக்கு ஒருமுறை தை மாதத்தில் கொல்லிமலை மேலே முகாம் போடுவோம். தேவனூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கொடுப்பார்கள். விடிகிற நேரத்துக்கு மலையடிவாரத்துக் காரவள்ளியில் நான்கைந்து வேன்கள் வரிசையாக நிற்கும். மாத்திரைப் பெட்டிகளை யாரிடமும் தரமாட்டேன். என் மடியில்தான் வரும். எங்கள் தலைவர் கோழிப்பண்ணைக்காரர். வேன் கிளம்பியதிலிருந்து அவர் ஒருவர் பேச்சே வேன் முழுக்கக் கேட்கும். ஏழாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பெட்டிப்பாம்பாக அடங்கிவிடுவார். கடைசியான எழுபதாவது வளைவில் இறங்கி, வாய் கொப்பளித்து, முகம் கழுவித் துண்டை உதறித் தோளில் போட்டதும் மறுபடியும் தலைவராகிவிடுவார். நாங்கள் கேலி செய்வோம். "மலைக்கு மேல ஏறுனா என்ற தல என்ற பேச்சக் கேக்கறதில்ல, நான் என்ன பண்ணட்டும்?" என்பார்.

மேலே போனால் பனி விலகாத மைதானத்தில் ஜனங்கள் போர்வையோடு காத்திருப்பார்கள். தலைவர் பண்ணையிலிருந்து அண்டா அண்டாவாக அவித்த முட்டை வந்திருக்கும். டாக்டர்கள் வகுப்பறைகளில் உட்கார்ந்து பார்த்துச் சீட்டு எழுதுவார்கள். சீட்டோடு எல்லாரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் என் மேஜை. அந்த மேஜைக்குப் பின்னால் இருந்த சந்தோஷம் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. கடையில் மாத்திரை கொடுத்தால் நான் வியாபாரி. அங்கே கொடுத்தால் என்னைக் கும்பிட்டார்கள். கும்பிடு பிடிக்காது என்று சொல்கிற ஆள் நானில்லை. பிடித்தது. வருஷா வருஷம் அதற்காகவே காத்திருந்தேன்.

என் மேஜைக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். மருந்துப் பெயரைச் சொன்னால் யாருக்குப் புரியும்? அதனால் கடையில் மருந்து போட்டுத் தருகிற சின்னக் காகிதக் கவர்களில் முதல் நாளே என் கையெழுத்தில் தொந்தரவின் பெயரை எழுதிவிடுவேன். சளி, மூட்டுவலி, வயிறு, தலைசுத்து என்று கட்டுக்கட்டாகப் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்துக்கொள்வேன். சீட்டைப் பார்த்ததும் சரியான கவரில் மாத்திரையைப் போட்டு நீட்ட வேண்டியதுதான். இரத்தக்கொதிப்பு மாத்திரை தலைசுத்துக் கவரில் போகும். கொதிப்பு என்று எழுதினால் பயந்துபோவார்கள் என்று நினைத்தேன். "தல சுத்துதுங்களா? இது அதுக்குத்தான். காலைல ஒண்ணு" என்பேன். அடுத்த ஆள் வந்துவிடுவார். என்னைப்போல வேகமாக மருந்து கொடுக்க இந்த மாவட்டத்திலேயே ஆள் கிடையாது என்று டாக்டர்கள் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்படியே பல வருஷம் ஓடிய பிறகு தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு மாதக் கூட்டத்தைக் குடும்பத்தோடு மலையிலேயே வைத்துக்கொள்ளலாம். காலையில் கூட்டம், மத்தியானம் சாப்பாடு, பிறகு அருவி. எல்லாரும் கைதட்டினோம். பேச்சாளர்தான் பிரச்சினை. மாதத்துக்கு ஒரு தலைப்பு மேலிடத்திலிருந்து வந்துவிடும். அந்த மாதம் வந்தது 'நிலையான சமுதாய ஆரோக்கியம்'. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் பேனர் அடித்தாயிற்று. கீழிருந்து டாக்டரைக் கூட்டிப்போனால் அவர் குடும்பத்தையும் கூட்டிப்போக வேண்டும், வேனில் இடமில்லை என்றார் தலைவர். அதனால் அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியரைப் பேச அழைத்தோம். மலையிலேயே பிறந்து, கீழே படித்து, மலைக்கே வேலைக்கு வந்த பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். எல்லாரும் நர்ஸம்மா என்பார்கள். முகாம் நாட்களில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் அவரை நான் கவனித்ததில்லை.

நன்றியுரை என் பொறுப்பு. மலை ஏறுவதற்கு முன்பே எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். பேச்சைக் கேட்டுவிட்டு நன்றி சொல்கிற வழக்கமெல்லாம் எங்களிடம் இல்லை.

முகாம் போடுகிற அதே பள்ளிக்கூடத்தில்தான் கூட்டமும் நடந்தது. மணியடித்தோம். இறைவணக்கம் பாடினோம். தலைவர் நர்ஸம்மாவைப் பத்து நிமிஷம் அறிமுகம் செய்தார். அதில் எட்டு நிமிஷம் சங்கத்தைப் பற்றியது. பிறகு அந்தப் பெண் எழுந்து நின்று ஒருமுறை பேனரைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுல எழுதியிருக்கறது எனக்குச் சரியாப் புரியலீங்க. நீங்க வந்து செய்யறது, நீங்க கீழ எறங்கிப் போன மறுநாளும் இங்க இருக்கோணும், அதத்தான் சொல்லியிருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேனுங்க" என்று ஆரம்பித்தார்.

தான் வீடு வீடாகப் போவதைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் என்ன மருந்து இருக்கிறது என்று எடுத்துக் காட்டச் சொல்வாராம். ஒரு வீட்டில் டப்பாவுக்குள் பிரஷர் மாத்திரை அட்டை இருந்தது. முகாம் முடிந்து ஏழெட்டு மாதம் ஆகியும் பாதி மாத்திரை அப்படியே இருந்தது. ஏன் போடவில்லை என்று கேட்டால், "போட்டுட்டுத்தானுங்க இருக்கறோம். இது பஸ் மாத்தர" என்றார்களாம். அடுத்த வீட்டில் கேட்டாலும் பஸ் மாத்திரை. அதற்கடுத்த வீட்டிலும் அதே பதில். மலையிலிருந்து எழுபது வளைவு இறங்கினால் யாருக்குத் தலை சுற்றாது? தலைசுத்துக்கு மாத்திரை, காலையில் ஒன்று என்று சொல்லியிருக்கிறார்கள். காலை பஸ்ஸில் சந்தைக்கோ கோர்ட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ இறங்குகிற அன்றைக்கு ஒன்று போட்டுக்கொண்டு, மிச்சத்தை அடுத்த பயணத்துக்குப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டார்கள். சில வீடுகளில் கல்யாணத்துக்குப் போகிற பக்கத்து வீட்டாருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள்.

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. முதலில் சிரித்தவன் நான். தலைவர், "எனக்கு ஏப்பா யாரும் இதச் சொல்லல?" என்றார். அதற்கு இன்னொரு சிரிப்பு. அது அடங்குகிற நேரத்தில்தான் தலைசுத்துக் கவர் என் ஞாபகத்துக்கு வந்தது.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. நாங்கள் முடிக்கும் வரை காத்திருந்தார். "ஒரு ஊட்டுல ஊட்டுக்காரரு மெளகு பறிக்கறவருங்க. மெளகுக்கொடி படர்ற சில்வர் ஓக் மரத்துல கடகடன்னு ஏறுவாரு. முகாம்ல அவருக்கும் பிரஷர் இருக்குதுன்னு மாத்தர குடுத்தாங்க. பறிப்பு நேரமுங்க, ஒரு மாசமா அவரு கீழ எறங்கவே இல்ல. கீழ எறங்காததால மாத்தரையும் போடல. ஒருநா காலைல பல்லு வெளக்கிட்டு இருந்தவரு அப்படியே உளுந்துட்டாரு. ஒரு பக்கம் கையும் காலும் போயிருச்சுங்க. மாத்தர டப்பாவுல அப்படியே இருக்குதுங்க."

வாசலில் சமையல்காரர் பாத்திரம் நகர்த்துகிற சத்தத்துக்கு மேல் நர்ஸம்மா தொடர்ந்தார்.

"அவரு சம்சாரத்துக்கு அவரவிட பிரஷர் ஜாஸ்திங்க. அந்தம்மாவும் பஸ் மாத்தரன்னுதான் வெச்சிருக்கு. தினமும் போடோணும்னு நானும் போகும்போதெல்லாம் சொல்றனுங்க. அதுதான் கவர்லயே எழுதியிருக்குதே, பெரியவங்க எழுதுனது தப்பா இருக்குமான்னு என்னையவே கேக்குது. எனக்கு மாத்தர வேண்டாமுங்க, அது ஆஸ்பத்திரியில இருக்குது. முகாமும் வேண்டாம். அன்னிக்குச் சொன்னவங்களே ஒருநா எங்கூட வந்து, அந்தம்மாகிட்ட மாத்திச் சொல்லிட்டுப் போனாப் போதுமுங்க. நாளைக்கு அதுவும் உளுந்தா ஊட்டுல பாக்கறதுக்கு ஆள் இல்லீங்க."

இவ்வளவுதான் பேச்சு. பதினைந்து நிமிஷம் ஒதுக்கியிருந்தோம். ஏழு நிமிஷத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சொன்னவர் யார் என்று அவர் சொல்லவில்லை. தலைவர் என் பக்கம் திரும்பி, "நன்றியுரை" என்றார். எழுந்தேன். அந்த நிமிஷத்தில் நான் செய்திருக்க வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். பையிலிருந்து காகிதத்தை எடுத்து வாசித்தேன். 'சிந்தனையைத் தூண்டும் சிறப்பான உரை' என்று எழுதியிருந்தேன். 'இந்த ஆண்டு நமது மருத்துவ முகாமை இன்னும் விமரிசையாக நடத்துவோம் என்று இத்தருணத்தில் உறுதி கூறி' என்றும் இருந்தது. அதையும் விடாமல் வாசித்தேன். கைதட்டினார்கள். நர்ஸம்மாவும் கைதட்டினார். பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுத்து, மணியடித்து முடித்தோம்.

இலை போட்டுவிட்டார்கள். கோபம் மூக்குக்கு மேல் வந்தது. என் மேல் வந்த கோபத்தை என் மேலேயே காட்டிக்கொள்ளும் பக்குவம் எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது? எழுந்து போய்ப் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் கைகழுவிக்கொண்டிருந்த நர்ஸம்மாவின் முன் நின்றேன்.

"ஏனுங்க அம்மணி, இத எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கக் கூடாதா? கூட்டத்துல வெச்சா சொல்றது?"

அவர் நிதானமாகக் கையைத் துடைத்தார். "மூணு தடவ உங்க கடைக்குப் போன் பண்ணுனேனுங்க சார். முகாம் விசயம்னா சங்கத்துல பேசிக்கங்கன்னு சொல்லி வெச்சுட்டீங்க. அதான் சங்கத்துல பேசுனேன்."

போன் வந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. கடையில் கூட்டம் இருந்ததும் ஞாபகம் இருந்தது.

"நாந்தான்னு தெரியுமுங்களா?"

"கவர்ல உங்க கடைப் பேரு அச்சடிச்சிருக்குதுங்களே. அதனாலதான் கவர எடுத்துட்டு வரல. கூட்டத்துல யாராச்சும் வாங்கிப் பாத்துருவாங்க."

"இப்பவே போலாமுங்களா?" என்றேன். "சாப்பிட்டு வாங்க" என்றார். "வேண்டாம், வாங்க போலாம்" என்றேன். முதல் பந்தியில் சாப்பிட்டவர்களோடு அருவிக்குப் போக வேன்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. தலைவர் வேன் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். வயிறு சரியில்லை என்று கைகாட்டிவிட்டேன்.

பலாமரங்களுக்கு நடுவே மேடும் பள்ளமுமாக அரைமணி நேரம் நடந்தோம். அவர் வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்கியது. தினமும் இந்த வழியில் நடக்கிற பெண்ணை முகாமில் வரிசை பார்க்க நிறுத்தியிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. அந்த வருஷம் முகாம் கிடையாது என்று அந்த வழியிலேயே தீர்மானித்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் காரணத்தையும் சொல்லி, முகாம் வேண்டாம் என்றேன். தலைவர் இரண்டு மாதம் கடைப்பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் வந்து, "அந்த வேன் சவாரிக்காச்சும் எதாவது பண்ணுப்பா" என்றார். இப்போது மாதம் ஒருநாள் நர்ஸம்மா சொல்கிற வீடுகளுக்குப் போய், மாத்திரையைத் தினமும் போடுகிறார்களா என்று கேட்டு வருகிறோம். நானும் தலைவரும், இரண்டே பேர்தான். பேனர் இல்லை, யாரும் கும்பிடுவதுமில்லை. தலைவருக்கு ஏழாவது வளைவில் இன்னமும் பேச்சு நின்றுவிடுகிறது.

அன்றைக்கு அந்த வீட்டுக்குப் பின்பக்கமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். அந்த அம்மாள் அடுப்படியில் இருந்தார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தக் கும்பிடு எனக்குப் பிடிக்கவில்லை. டப்பாவை எடுத்து வரச் சொன்னார் நர்ஸம்மா. என் கவர் மடிப்புக் கலையாமல் இருந்தது. என் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

"நான் எழுதுனது தப்புங்க அம்மணி. இது பஸ்ஸுக்கு இல்ல. இரத்தக்கொதிப்புக்கு. ஊட்டுல இருந்தாலும் தினமும் காலைல ஒண்ணு போடோணும். ஒருநாகூட உடக்கூடாது. நர்ஸம்மா சொல்றதுதான் சரி. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கவரைப் பார்த்தார்.

"அப்ப எங்க ஊட்டுக்காரரு தினமும் போட்டிருந்தா உளுந்திருக்க மாட்டாருங்களா?"

நர்ஸம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஒரு பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அதுவும் உண்மைதான். கடையில் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"உளுந்திருக்க மாட்டாருன்னுதானுங்க நான் நெனைக்கறேன்" என்றேன்.

அவர் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அடுப்பு விறகை உள்ளே தள்ளினார். "இனி நான் தினமும் போட்டுக்கறேனுங்க" என்றார். நர்ஸம்மா பழைய அட்டையை வாங்கிக்கொண்டு, தன் பையிலிருந்து புது அட்டையைக் கொடுத்தார். அந்த அம்மாள் சொம்பில் தண்ணீர் மொண்டு, எங்கள் கண்ணெதிரிலேயே ஒரு மாத்திரையைப் போட்டு விழுங்கினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவருகிட்ட மட்டும் இதச் சொல்லிப்போடாதீங்க சாமி. கோயிலுக்கு நேந்துக்கிட்டதச் செய்யல, அதனால வந்துதுன்னு நெனச்சுட்டு இருக்காரு. இப்பத்தான் ஒருமாதிரி மனசு ஆறியிருக்குது. ஆஸ்பத்திரியில குடுத்த மாத்தரையையும் கைகாலுக்குன்னு சொல்லித்தான் போட வெக்கறேன். இது தெரிஞ்சா மறுபடியும் அழுவாரு."

சரிங்க என்றேன்.

முன்வாசலுக்கு வந்தோம். வெயிலில் மிளகு காயப்போட்டிருந்தார்கள். பக்கத்தில் கயிற்றுக்கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. மரம் ஏறுகிற ஆள் என்பது தோளைப் பார்த்தாலே தெரிந்தது. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் ஓடிப்போய் உட்காரவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அவர் இடது கையால் என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். பேச்சு குழறியது. ஆனால் ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது.

"மருந்துக்கடைக்காரரு தானுங்களே? உங்கள நெனைக்காத நாளில்லீங்க. சின்ன வயசுல இருந்து பஸ்ஸுல எறங்குனா வாந்தி எடுத்தே செத்துப்போவேன். நீங்க குடுத்த மாத்தரையப் போட்டு எறங்குனதுல இருந்து ஒரு வளைவுலகூடத் தல சுத்தலீங்க. நீங்க நல்லா இருக்கோணும்."

கதவோரம் அவர் மனைவி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்பச் சந்தோசமுங்க" என்றேன்.